நாலு பேர் பதிவு செய்த ஆறு பாட்டுகள்

எங்கள் குழுவுக்கு ‘நாலு பேர்’ என்று பெயர் வைத்தது என் அம்மா. வேண்டுமென்று வைக்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் நான் ஒரு பழைய டிரம் செட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அதில் இருப்பதிலேயே பெரிய டிரம் மாடிப்படியின் வளைவில் சிக்கிக்கொண்டது. நானும் அண்ணனும் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தோம். அம்மா மேல்படியில் நின்று, “பொம்பளப் புள்ள இப்படித் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டாள். அப்போது குழுவில் சரியாக நாலு பேர்தான் இருந்தோம். அண்ணி சிரிக்காமல், “நல்லா தட்டறான்னு சொல்லுவோம் அத்தை” என்றாள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அந்த நாலு பேரில் நான் நகரப் பேருந்து ஓட்டுபவள். வீட்டில் என்னை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு டன் வண்டியை ஓட்டுகிற பாப்பா. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பாஸ் கிட்டார் வாசிப்பான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். அண்ணி தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்க ஃபோன் எடுப்பவள். குழுவில் பாடுவதும் அவள்தான், பாட்டு எழுதுவதும் அவள்தான். நாலாவது ஆள் அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், மெத்தைக் கடை வைத்திருந்தார், கிட்டார் வாசிப்பார். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மெத்தைக்காரர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஆறு வருடம் வாசித்தோம். பிறந்தநாள், அலுவலக ஆண்டு விழா, எங்கள் டிப்போவில் யாராவது ஓய்வு பெற்றால் அந்த விழா. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளுக்கு நடுவே அண்ணியின் பாட்டு ஒன்றை வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி ஏற்றிவிடுவோம். அப்படி ஆறு பாட்டு சேர்ந்திருந்தது. பெரும்பாலும் அவள் ஃபோனில் கேட்ட புகார்களிலிருந்து பிறந்தவை. மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் அழுததை அவள் காதல் பாட்டாக்கியிருந்தாள். கேட்டவர்கள் யாருக்கும் அது தண்ணீர் வாரியத்து விவகாரம் என்று தெரியாது.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் வைத்து அண்ணி விஷயத்தைச் சொன்னாள். கழுத்தில், தைராய்டில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டே போகிறது, எடுத்தாக வேண்டும். தேதி கொடுத்துவிட்டார்கள். குரலுக்குப் போகிற நரம்பு அந்த இடத்தை ஒட்டியே ஓடுகிறதாம். பேச்சுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது, ஆனால் உச்சத்தில் பாடுகிற குரல் திரும்பி வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். நீங்கள் பாடகியா என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். இதையெல்லாம் அவள் யாரோ ஒருவரின் புகாரைப் படித்துக் காட்டுகிற குரலில் சொன்னாள்.

“அதுக்கு முன்னாடி ஆறு பாட்டையும் ஒழுங்கா பதிஞ்சு வெச்சுடலாம்,” என்றாள். “ஏழு ஞாயித்துக்கிழமை இருக்கு. ஆறு பாட்டு. ஒண்ணு மிச்சம்.”

அண்ணன் எழுந்து போய்த் தன் தட்டைக் கழுவினான். கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினான்.

எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு எப்போதும் வேலைதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். மறுநாளே மெத்தைக்காரரைப் போய்ப் பார்த்தேன். அவர் கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மெத்தைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி நாலு பக்கமும் சுவர் மாதிரி எழுப்பினோம். நடுவே நின்று கை தட்டினால் சத்தம் அங்கேயே செத்து விழுந்தது. ஒரே தொல்லை, மெத்தைகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை. யாராவது தும்மினால்கூட அது சரசரத்தது. உறையைப் பிரித்தால் பழைய மெத்தை என்று வாங்குபவர்கள் நினைப்பார்கள், மாட்டேன் என்றார் மெத்தைக்காரர். எங்கள் வீட்டிலிருந்த போர்வை, விரிப்பு, திரை எல்லாவற்றையும் கொண்டுபோய் மேலே போர்த்தினோம். அந்த ஏழு வாரமும் வீட்டில் ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. நாலு பேர் பார்ப்பார்கள் என்றாள் அம்மா.

பதிவு செய்ய ஆள் வேண்டும். மெத்தைக்காரருக்கு அடுத்த தெருவில் ஒருவரைத் தெரியும். காது பரிசோதனை செய்து, கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துகிறவர். மழைச் சத்தம், ரயில் சத்தம், பாலத்துக்கு அடியில் புறா கத்துகிற சத்தம் என்று எதையாவது பதிவு செய்துகொண்டே இருப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. நல்ல மைக்குகள் வைத்திருந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும். அவ்வளவு மெதுவாகப் பேசுகிறவரிடம் காது கேட்காதவர்கள் எப்படித்தான் போய்வந்தார்களோ. பாட்டுகளைக் கேட்டார். அண்ணியின் தேதியைக் கேட்டார். வருகிறேன் என்று ஒரே வார்த்தை சொன்னார். நாங்கள் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்தோம்.

முதல் ஞாயிறு சுத்தமாக வீண். கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கார் கழுவுகிற இடம் இருந்தது. வாரநாட்களில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு வந்தால் தெருமுனை வரை வண்டி நிற்கும். தண்ணீரைப் பீய்ச்சுகிற பம்பு ஓட ஆரம்பித்தால் எங்கள் மைக் எல்லாம் அதைத்தான் பாடியது. பிற்பகல் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நான் போய் அந்தக் கடைக்காரரிடம் பேசினேன். பேருந்து ஓட்டுகிறவளுக்கு நடுரோட்டில் பேசிப் பேசி வாய் பழகியிருக்கும். பம்பை நிறுத்த முடியாது, ஆனால் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் நடுவே ஐந்து நிமிடம் தருகிறேன் என்றார். கார் வெளியே போனதும் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார், நாங்கள் தொடங்க வேண்டும். கடைசிவரை அந்த மனிதர் வார்த்தை தவறவில்லை.

இரண்டாவது ஞாயிறு லிஃப்ட் பாட்டை எடுத்தோம். அந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், வாரிய அலுவலகத்தின் லிஃப்டில் அண்ணி மாட்டிக்கொண்டாள். அதைச் சரி செய்ய வந்தவன் என் அண்ணன். முதலில் ஒரு உதிரி பாகம் வந்து சேர வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் அவன் கதவுக்கு வெளியே நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் வாழ்நாளில் தொடர்ந்து நாற்பது நிமிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். அதை அவள் பாட்டாக எழுதினாள்.

‘ரெண்டாம் மாடிக்கும் மூணாம் மாடிக்கும் நடுவுல ஒரு வீடு, வெளிய நின்னு பேசறவனே, இன்னும் கொஞ்சம் பேசு’ என்று அது தொடங்கும். கடைசிக்கு முன்னால் ஒரு வரி உச்சத்துக்குப் போகும்: ‘நான் இருக்கேன், அவசரமில்ல, மெதுவா கதவத் தொற.’ அந்த ‘நான்’ என்ற சொல்லில் அண்ணி ஏறி நிற்பாள். அந்த வரிக்காகவே டிப்போவில் அதை இரண்டு தடவை பாடச் சொல்வார்கள்.

மூன்று தடவை எடுத்தோம். பிறகு காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகம் கூடுகிறது என்றார். நான் உடனே மெத்தைக்காரரைப் பார்த்தேன். அவர் வாசிப்பில் ஓடுகிற ஆள்தான், எனக்குத் தெரியும். அவர் இல்லை, டிரம் என்றார் காதுக்காரர்.

சிரித்தேன். பதினொரு வருடம் வண்டி ஓட்டுகிறேன். கடைசி நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் போனதில்லை, ஒரு நிமிடம் பின்னால் போனதில்லை. என் வண்டியைப் பார்த்துக் கடிகாரம் திருத்துகிறவர்கள் உண்டு. நான் சரியாகத்தான் வாசிக்கிறேன், மற்ற மூன்று பேரும் பின்தங்குகிறார்கள், அதனால் நான் ஓடுகிற மாதிரி தெரிகிறது என்று விளக்கினேன்.

அவர் மறுக்கவில்லை. “என்கிட்ட வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க,” என்றார். “எனக்கு நல்லா கேக்குது சார், வீட்ல இருக்கறவங்கதான் முணுமுணுக்கறாங்கன்னு.”

மெத்தைக்காரர் சிரித்ததில் பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் சரசரத்தன. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

கணினியில் காதுக்காரர் வேகத்தைக் குறிக்கிற கோடுகளைக் காட்டினார். பாட்டு தொடங்கும்போது நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு தட்டு. அந்த உச்ச வரி வருகிற இடத்தில் நூற்றேழு. சரி, என்னைத் தனியாக எடுங்கள் என்றேன். காதுக்குள் ‘டக் டக்’ என்று கணக்காக ஒலிக்கிற கிளிக்கைப் போட்டுக்கொண்டு முழுப் பாட்டையும் தனியாக வாசித்தேன். மயிரிழை பிசகவில்லை. காதுக்காரரே புருவத்தைத் தூக்கினார். நான் வெற்றியோடு எழுந்து குச்சிகளைப் பைக்குள் போட்டேன். ஆனால் அடுத்து எல்லோரும் சேர்ந்து வாசித்தபோது கோடு பழையபடி அதே வரியில் நிமிர்ந்தது. கிளிக் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன். ஓடினது எனக்கே தெரியவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

மூன்றாவது ஞாயிற்றுக்குள் ஓர் ஆதாரம் தேடிப் பிடித்தேன். அதற்கு முந்தைய வருடம் டிப்போ விழாவில் நடத்துநர் ஒருவர் தன் ஃபோனில் எடுத்த பதிவு. இதே பாட்டு, இதே நாலு பேர். காதுக்காரரிடம் கொடுத்து, இதை அளந்து பாருங்கள் என்றேன். அளந்தார். முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகம். உச்ச வரியில்கூட அசையவில்லை.

“அப்ப கையில கோளாறு இல்ல,” என்றார். “இந்த ஒரு வருஷத்துக்குள்ள என்னவோ ஆயிருக்கு, மேடம்.”

நான் சொன்னது சரி என்று நிரூபணமாயிற்று. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த ஞாயிறும் அடுத்த இரண்டு ஞாயிறுகளும் மற்ற ஐந்து பாட்டுகளையும் எடுத்தோம். அவை ஒழுங்காக வந்தன. தண்ணீர்க் குழாய்ப் பாட்டில் ஓரிடத்தில் பம்புச் சத்தம் நுழைந்துவிட்டது. பாட்டுக்குப் பொருத்தமாக இருக்கிறது, இருக்கட்டும் என்றாள் அண்ணி. லிஃப்ட் பாட்டு மட்டும் அப்படியே நின்றது. ஒவ்வொரு வாரமும் முயற்சி செய்தோம், ஒவ்வொரு வாரமும் நான் ஓடினேன். கடைசியில் மெத்தைக்காரர், அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கணினியிலேயே டிரம் போட்டுவிடலாமே என்றார். தங்கச்சி தப்பா நினைக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். நான் தப்பாக நினைக்கவில்லை. பாட்டு கெட்டுப்போவதைவிட அது மேல். நானே சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணி குறுக்கே பேசினாள். “மெஷின்கூடப் பேசறதுக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு. இங்க எனக்குப் பாப்பாதான் வேணும்.”

அதோடு பேச்சு முடிந்தது. அவள் குரலை ஏற்றவே இல்லை. அண்ணன் தலையைக் குனிந்து பாஸ் கிட்டாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அண்ணி என் வண்டியில் ஏறினாள். அவள் அலுவலகம் என் வழியில்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவள் தன் நிறுத்தத்தில் இறங்கவில்லை. எனக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை வந்தாள். ஓட்டும்போது நான் யாரோடும் பேசமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு ஒன்பது நிமிடம் ஓய்வு. இன்ஜினை அணைத்தேன். நான்தான் முதலில் பேசினேன்.

“காதுக்காரர் சொல்றது உண்மைதான் அண்ணி. அந்த எடத்துல மட்டும் ஓடறேன். ஏன்னுதான் புரியல.”

“எனக்குப் புரியுது,” என்றாள். “ஆபரேஷன்னு சொன்ன நாள்லேர்ந்து அப்படித்தான் பண்ற. அந்த வரி வந்தாலே என்னை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு ஓடற. நான் எறங்கி நடக்கறேன்னாலும் விடமாட்டேங்கற.”

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். ஒருவர் நிறுத்தத்துப் பலகையில் நேரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வண்டியைப் பார்த்தார்.

“அந்த எடத்துல உங்க குரல் எங்கயாவது உடைஞ்சிடுமோன்னு இருக்கு,” என்றேன். “சீக்கிரம் தாண்டிட்டா நல்லதுன்னு தோணுது.”

“உடையட்டுமே. உடைஞ்சா இன்னொரு தடவ எடுப்போம்.” மடியிலிருந்த கைப்பையை நேராக்கி வைத்தாள். “எனக்கு அந்த ‘நான்’ல நிக்கணும் பாப்பா. இன்னும் எத்தனை தடவ நிக்க முடியும்னு தெரியாது. எவ்வளவு நேரம் நிக்கறதுன்னு நான்தான் சொல்லணும். நீ கெளம்பிட்டா நானும் பின்னாலயே ஓடி வர வேண்டியிருக்கு.”

“உங்களுக்குப் பயமா இல்லையா?”

“இருக்கு. அது என்னோடது. நீ எடுத்து வெச்சுக்காத.”

என்னிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பேருந்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றுகொண்டிருந்தால் நான் என்ன செய்வேன்? பதறிப்போய் வேகத்தைக் கூட்டமாட்டேன். அவள் பிடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பேன். கண்ணாடியில் அவளைப் பார்ப்பேன். இது எனக்குத் தெரியாத வித்தை இல்லை. தினமும் செய்கிறதுதான்.

நேரமானது. இன்ஜினைக் கிளப்பினேன். அண்ணி அலுவலகத்துக்கு அரை மணி நேரம் தாமதம். அன்றைக்குப் புகார் கொடுத்தவர்கள் காத்திருந்திருப்பார்கள்.

ஆறாவது ஞாயிறு நான் கிடங்குக்கு முதலில் போய்விட்டேன். அதுவரை என் டிரம் செட் ஒரு மூலையில் மெத்தைக்குப் பின்னால் இருந்தது. அதன் சத்தம் அண்ணியின் மைக்கில் விழக் கூடாது என்று அப்படி ஒளித்து வைத்திருந்தோம். வாசிக்கும்போது எனக்கு அவள் முகம் தெரியாது, காதில் வருகிற குரல் மட்டும்தான். குறுக்கே நின்ற இரண்டு மெத்தைகளை நகர்த்தி, டிரம் செட்டை அவளுக்கு நேர் எதிரே திருப்பி வைத்தேன். டிரம்களின் மேல் துண்டு போட்டேன். காதுக்காரர் வந்ததும், கிளிக் வேண்டாம், நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் வாசிக்கிறோம் என்று சொன்னேன்.

அவர் தயங்கினார். எல்லாச் சத்தமும் எல்லா மைக்கிலும் கலந்துவிடும், ஒருவர் தப்புச் செய்தால் அதை மட்டும் தனியாகத் திருத்த முடியாது, முழுப் பாட்டும் போய்விடும் என்றார்.

“போகாது,” என்றேன்.

அவர் தோளில் இருந்த பையை இறக்கி வைத்தார். பிறகு மைக்குகளை இடம் மாற்ற ஆரம்பித்தார்.

முதல் தடவை மெத்தைக்காரரின் கிட்டார்க் கம்பி அறுந்தது. இரண்டாம் தடவை பாதியில் பம்பு ஓடியது. பக்கத்துக் கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, யாரோ அவசரக்காரர், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் யாரும் எதையும் சொல்லவில்லை. அப்படி என்றால் சரியில்லை என்று அர்த்தம். அண்ணி தண்ணீர் குடித்தாள். கழுத்தில் கட்டி இருந்த இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். சுவரில் இரண்டு தட்டு விழுந்தது.

நாலாம் தடவை நான் அவளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அவள் மூச்சை இழுக்கும்போது தோள் லேசாக உயரும், அதைப் பார்த்துத் தட்டினேன். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. அந்த வரி வந்தது. அவள் ‘நான்’ என்று ஏறினாள். ஏறி நின்றாள். என் கை இரண்டும் மேலே இருந்தன. வழக்கமாக நான் இறங்குகிற இடம் வந்தது; அவள் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. ஆறு வருடத்தில் அவள் அவ்வளவு நேரம் அதில் நின்றதில்லை. வேண்டுமானால் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கட்டும், வண்டி நகராது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், ‘இருக்கேன்’ என்று இறங்கினாள், நானும் கூடவே இறங்கினேன்.

அந்த இடத்தில் பாஸ் வர வேண்டும். வரவில்லை. அடுத்த மூன்று தட்டுகளுக்கும் வரவில்லை. நாலாவதில் வந்து சேர்ந்துகொண்டது. பாட்டு முடிகிறவரை நாங்கள் யாரும் அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

முடிந்தபின் அவன், விட்டுப்போச்சு, இன்னொன்று எடுக்கலாம் என்று முணுமுணுத்தான். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்த விதத்தைப் பார்த்தால் இன்னொன்று எடுத்தாலும் விட்டுத்தான் போயிருக்கும். அண்ணி காதுக்காரரிடம், அந்த இடைவெளி இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு என்றாள். காதுக்காரர் கணினியின் கோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உச்ச வரியில் வேகம் கூடவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்திருந்தது.

“இப்ப பின்தங்கறீங்க,” என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மிச்சம் இருந்த ஏழாவது ஞாயிறு ஒன்றும் பதிவு செய்யவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். பக்கத்துக் கடைக்காரரும் பம்பை அணைத்துவிட்டு வந்தார். மெத்தைகளைக் கீழே தள்ளி, அதன்மேல் உட்கார்ந்து ஆறு பாட்டையும் வரிசையாகக் கேட்டோம். அம்மா இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிட்டாள். அது தன் மெத்தையின் பெருமை என்றார் மெத்தைக்காரர். எழுந்ததும் அம்மா, நல்லா இருந்தது, ஆனால் என் டிரம்தான் கொஞ்சம் சத்தம் அதிகம் என்று தீர்ப்புச் சொன்னாள்.

அறுவை சிகிச்சை செவ்வாய்க்கிழமை நடந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், பரிசோதனையில் ஆபத்து இல்லை என்று வந்தது. முதல் பதினைந்து நாள் அண்ணி கிசுகிசுத்தாள். பிறகு குரல் வந்தது, கரகரவென்று, பழையதைவிடத் தணிந்து. மூன்று மாதம் கழித்து டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு அறுபடவில்லை, ஆனால் ஒரு பக்கம் சோம்பலாக இருக்கிறது, இனி இப்படித்தான் இருக்கும் என்றார். உச்சம் போனது போனதுதான். அவள் அன்று மாலை வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அண்ணன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். என்ன பேசினானோ, பேசினானா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். ஃபோனில் புகார் கொடுப்பவர்கள் அவளை ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். சார் என்றால் பாதிப் பேர் திட்டாமல் வைத்துவிடுகிறார்களாம்.

அந்த ஆறு பாட்டுகளையும் காதுக்காரர் இணையத்தில் போட்டார். உலகம் ஒன்றும் புரண்டு போகவில்லை. இத்தனை வருடத்தில் சில ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் பாதிப் பேராவது தண்ணீர் வாரியத்திலும் டிப்போவிலும் இருப்பவர்கள் என்று நினைக்கிறேன். அது எனக்குப் போதும். லிஃப்ட் பாட்டை நான் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கேட்கிறேன். கேட்கும்போது எனக்கு வருத்தம் வருவதில்லை. நாலு பேரும் சரியாகச் செய்த ஒரு வேலையைப் பார்க்கிற சந்தோஷம்தான் வருகிறது.

குழு கலையவில்லை. பழைய பாட்டுகளைச் சுருதி இறக்கி வாசித்துப் பார்த்தோம். ஐந்து பாட்டு ஒத்துக்கொண்டன. லிஃப்ட் பாட்டு ஒத்துக்கொள்ளவில்லை, அதை விட்டுவிட்டோம். ஒரு வருடம் அண்ணி எதுவும் எழுதவில்லை. அதற்கப்புறம் தன் புதிய குரலுக்கென்று எழுத ஆரம்பித்தாள். தரையில் கையை ஊன்றிக்கொண்டு பாடுகிற மாதிரியான பாட்டுகள். பழைய குரலில் பாடியிருந்தால் அவை எடுபட்டிருக்காது. இப்போது ஏழு சேர்ந்திருக்கிறது. அடுத்த மாதம் பதிவு. கடைசிப் பாட்டின் வேகத்தைப் பற்றி ஒரு தகராறு நடந்துகொண்டிருக்கிறது: மெத்தைக்காரர் வேகமாக வேண்டும் என்கிறார், அண்ணி மெதுவாக என்கிறாள், அண்ணன் வழக்கம்போல இரண்டுக்கும் தலையாட்டுகிறான். போன ஞாயிறு மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, நிமிடத்துக்கு எண்பத்திரண்டு தட்டு என்றேன். அண்ணி வாய்க்குள் பாடிப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.